அவள் வேண்டாம் என்கிறாள், பாட்டி விடமாட்டேன் என்கிறார்

கேள்வி: எங்கள் வீடு பெரம்பூரில். மகளுக்குப் பன்னிரண்டரை வயது, ஜூனில் எட்டாம் வகுப்பு போகிறாள். மகனுக்கு ஒன்பது. பொங்கல் விடுமுறையில் மகள் வயதுக்கு வந்தாள். மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அப்போது ஒன்பது நாள் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஓரமாக உட்கார வைத்தார். அதற்குப் பிறகு மொட்டை மாடிக்கு விளையாடப் போகாதே, வீட்டிலும் துப்பட்டா போடு என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பாவோடு வண்டியில் பள்ளிக்குப் போனவளுக்கு இப்போது வேன் வைத்திருக்கிறோம்.

முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில். அப்பாவிடம் சுத்தமாகப் பேச்சே இல்லை. தம்பி அவள் பையைத் தொட்டால் கத்துகிறாள், கொஞ்ச நேரத்தில் தானே அழுகிறாள். ராத்திரி பன்னிரண்டு வரை தூங்குவதில்லை. பிப்ரவரி முழுக்க பீரியட்ஸ் வரவில்லை, மார்ச்சில்தான் வந்தது. நீர்க்கட்டியாக இருக்கும், ஸ்கேன் எடு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா.

ஆனி மாதத்தில் மஞ்சள் நீராட்டு விழா நடத்தியே ஆக வேண்டும் என்கிறார் மாமியார். இத்தனை வருடம் எல்லா வீட்டுக்கும் மொய் வைத்திருக்கிறோம் என்பது கணவரின் கணக்கு. மினி ஹாலுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. மகளோ, "எனக்கு வேணாம். மீறி வெச்சீங்கன்னா நான் வரவே மாட்டேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள். ஏன் இவ்வளவு பிடிவாதம்? எல்லாப் பிள்ளைகளுக்கும் இது வருவதுதானா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

ஒரு வாசகி, பெரம்பூர்

பதில் தருபவர்: குழந்தைகள் நல மருத்துவர், சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஸ்கேனைத் தள்ளி வைப்போம். மாதவிடாய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில் நாள் தவறுவது சாதாரணம். கருமுட்டை மாதந்தோறும் ஒழுங்காக வெளிவர உடம்புக்குக் கொஞ்சக் காலம் பிடிக்கும். ஓர் ஆண்டு போகட்டும். அதற்குப் பிறகு 21 நாளிலிருந்து 45 நாளுக்குள் வந்துகொண்டிருந்தால் கவலையில்லை. மூன்று மாதம் சேர்ந்தாற்போல் வராவிட்டாலோ, ஏழு நாளைத் தாண்டிப் போக்கு இருந்தாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருந்தாலோ, பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி இருந்தாலோ காட்டுங்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு தகவல். இந்த வயதுப் பெண்களின் சினைப்பையைப் படம் எடுத்தால் சின்னச் சின்னக் கருமுட்டைப் பைகள் நிறையத் தெரியும். அது வளர்ச்சி. வயதுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனை வைத்து நீர்க்கட்டிப் பிரச்சினை என்று முடிவு செய்யக் கூடாது என்றே 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இப்போது ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டில் ஏதாவது எழுதி வரும். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன்னை நோயாளி என்று நம்ப ஆரம்பித்தால், அதைக் கலைப்பது எங்களுக்குப் பெரும்பாடு.

பரிசோதனை ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் ஹீமோகுளோபின் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது இதற்காகத்தான். எரிச்சல், சோர்வு, படிப்பில் கவனமின்மை என்று நாம் குணத்தின் மேல் போடும் பழியில் ஒரு பங்கு ரத்தசோகையுடையதாக இருக்கலாம். பாட்டி கொடுக்கும் முருங்கைக்கீரையும் முட்டையும் தொடரட்டும். சாப்பிட்ட கையோடு காபி மட்டும் வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேராது.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. மகள் மாறிவிட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். தனித் தட்டு, தனிப் பாய், துப்பட்டா, மாடிக்குத் தடை, வண்டிக்குப் பதில் வேன். இந்த ஐந்தில் அவள் செய்தது எதுவும் இல்லை. எல்லாம் வீடு செய்தது.

உடம்பைப் பொறுத்தவரை மாதவிடாய் ஒரு தொடக்கம் அல்ல. பெண் குழந்தைகளுக்கு 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் பருவ மாற்றங்கள் தொடங்கலாம். முதலில் மார்பு வளர ஆரம்பிக்கும், பிறகு கிடுகிடுவென உயரம் கூடும். மாதவிடாய் வருவது பெரும்பாலும் மார்பு வளரத் தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் உயரம் கூடும் வேகம் குறைய ஆரம்பித்திருக்கும். இனி வளரவே மாட்டாள் என்று பயப்பட வேண்டாம், இன்னும் சில அங்குலம் பாக்கி இருக்கும். ஆக, உங்கள் மகளுடைய உடம்பு பத்து வயதிலிருந்தே மெல்ல மெல்லச் செய்துவந்த வேலை இது. உடம்பு இரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டதை வீடு ஒரே காலையில் செய்து முடித்துவிட்டது. முந்தின நாள் வரை தம்பியோடு மாடியில் ஷட்டில் ஆடியவளை மறுநாள் "நீ இப்ப பெரியவ" என்று ஓரமாக உட்கார வைத்தால், அவளுக்கு எப்படி இருக்கும்? அவள் மூளையும் மனசும் இன்னும் ஏழாம் வகுப்புப் பிள்ளையுடையதுதான். உடம்பு எட்டிய இடத்துக்கு மனசு வந்து சேரப் பல வருடங்கள் ஆகும். யோசித்து, நிதானித்து, பின்விளைவைக் கணக்குப் போடுகிற மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டித்தான் முழுதாக முதிர்கிறது. கோபம், அழுகை, ஆசை இவற்றைக் கிளப்பிவிடுகிற பகுதிகள் இந்த வயதிலேயே முழு வேகத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. பையைத் தொட்டதற்குக் கத்திவிட்டு அவளே உட்கார்ந்து அழுவதன் காரணம் இதுதான். கத்தியது தப்பு என்று அவளுக்கே தெரிகிறது, கொஞ்சம் தாமதமாக.

அப்பாவிடம் பேச்சே இல்லை என்கிறீர்கள். யார் முதலில் நிறுத்தியது? என்னிடம் வரும் குடும்பங்களில் இதை நான் கேட்காமல் விடுவதில்லை. பெரும்பாலும் அப்பாதான் முதலில் விலகியிருப்பார். கெட்ட எண்ணத்தில் அல்ல. கூச்சம், மரியாதை, "பொம்பளப் புள்ள வளர்ந்துட்டா" என்று வீட்டுப் பெண்கள் கண்ணால் காட்டும் ஜாடை எல்லாம் சேர்ந்துகொள்ளும். தோளில் கை போடுவதை நிறுத்துவார், பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதை நிறுத்துவார். ஏன் என்று யாரும் பிள்ளையிடம் சொல்ல மாட்டார்கள். அவளுக்குக் கிடைக்கிற செய்தி ஒன்றுதான்: என் உடம்பில் என்னவோ ஆனது, அதனால் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை.

வேனை நிறுத்துங்கள். முழுதாக முடியாவிட்டால் வாரத்தில் இரண்டு நாளாவது அப்பாவே பள்ளியில் கொண்டுவிடட்டும். வண்டியின் பின்சீட்டு இந்த வயதுப் பிள்ளைகள் பேசுவதற்கு நல்ல இடம். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை, சிக்னலில் பேச்சை நிறுத்திக்கொள்ளலாம், பள்ளி வாசல் வந்ததும் தப்பித்துக்கொள்ளலாம். முதல் வாரம் அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அப்பாவும் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம். அணைப்பதா, தோளில் கை போடுவதா என்பதை அவள் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். ஆனால் பக்கத்தில் உட்கார்வதைத் தடுக்க எந்தக் காரணமும் இல்லை.

இப்போது விழாவுக்கு வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்.

நான் இந்தச் சடங்குக்கே எதிரி இல்லை. பட்டுப்புடவை, தாய்மாமன் சீர், கை நிறைய வளையல் என்று ஆசையாகக் கேட்டு நடத்திக்கொள்கிற பெண் பிள்ளைகளையும் பார்க்கிறேன். அவர்களுக்கு அது நல்ல நினைவாக நிற்கும். ஆனால் அது எதற்காக வந்த வழக்கம் என்பதை யோசிக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெண்ணுக்குக் கல்யாணம் பேசிய காலத்தில், எங்கள் வீட்டிலும் பெண் இருக்கிறாள் என்று முறைமாமன் வீட்டுக்கும் ஊருக்கும் தெரிவிக்க வேண்டியிருந்தது. 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 1978-இல் அது 18 ஆனது. உங்கள் மகள் எட்டாம் வகுப்புக்குப் புத்தகம் வாங்கப் போகிறாள். ஊருக்கு இப்போது தெரிவிக்க வேண்டிய அவசரம் என்ன?

அவள் பக்கம் நின்று பாருங்கள். டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1967-இல் எழுதிய ஒரு விஷயம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். இந்த வயதுப் பிள்ளைகள் எங்கே போனாலும் எல்லோரும் தன்னையே பார்ப்பதாக நினைத்துக்கொள்வார்கள், கற்பனையாக ஒரு கூட்டத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டே நடப்பார்கள் என்றார் அவர். ஒரு பரு வந்தால் வகுப்பே பார்க்கும் என்று லீவு போடுவதும், கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்பதும் அதனால்தான். அப்படிப்பட்ட வயதில் நாம் நிஜமாகவே முந்நூறு பேரைக் கூட்டி, அவளை நாற்காலியில் உட்கார வைத்து, வீடியோ லைட்டைப் போடுகிறோம். ஹால் வாசலில் அவள் படத்தோடு ஆளுயர ஃப்ளெக்ஸ். அந்தப் பக்கமாக டியூஷனுக்குப் போகும் வகுப்புப் பையன்கள் அதைப் பார்ப்பார்கள் என்பது நமக்குத் தோன்றாது. அவளுக்கு முதலில் தோன்றுவதே அதுதான். சித்தப்பா, மாமா என்று ஆளுக்கொரு ஸ்டேட்டஸ் போடுவார்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டியது அவள் மட்டும்தான்.

பிடிவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பிடிக்காத மாதிரி யாராவது தொட்டால் "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல் என்று சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறோம். தன் உடம்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தில் அவள் முதன்முறையாக "வேண்டாம்" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். பத்துப் பேர் மஞ்சள் பூசித் தண்ணீர் ஊற்றுவது நமக்கு ஆசீர்வாதம். அவளுக்கு அது வேறு மாதிரி இருக்கலாம். இந்த முதல் மறுப்பை வீட்டிலேயே உடைத்துவிட்டால், நாளைக்கு வெளியே ஒருவரிடம் அவள் மறுத்துப் பேசுவாள் என்று எதை நம்பி எதிர்பார்ப்பது? தட்டைத் தள்ளிவிட்டுப் போனது தப்பு. அதை அவளிடம் சொல்லுங்கள், ஆனால் தனியாக, விழாப் பேச்சு அடங்கிய பிறகு.

அவளிடம் எப்படிப் பேசுவது? வரிசை முக்கியம். முதலில் "ஹால்ல ஃபங்ஷன் இல்ல, கேன்சல்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்பதெல்லாம் அப்புறம். "ஏன் வேணாங்கற?" என்று முதலில் ஆரம்பித்தால் பேரம் பேச வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து இன்னும் இறுகிப்போவாள். இல்லை என்று உறுதியானதும் ஒரு வாரம் கழித்துக் கேட்கலாம்: "எல்லாமே பிடிக்கலையா, இல்ல கூட்டம் மட்டும் பிடிக்கலையா? மாமா ஒரு பாவாடை தாவணி எடுத்து வெச்சிருக்காரு, வீட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போகட்டுமா? ஃபோட்டோ வேணாம்னா எடுக்க மாட்டோம்." சரி என்றால் வீட்டோடு பத்துப் பேர் சாப்பாடு. ஃபோட்டோ எடுத்தால் எது யாருக்குப் போகலாம் என்று அவள் சொல்லட்டும். அதுவும் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். தினம் ஒரு தடவை கேட்டுக் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை.

மொய் நியாயமான கணக்குதான், கிண்டல் செய்ய மாட்டேன். வருடக்கணக்காகக் கொடுத்ததை எழுதி வைத்திருப்பீர்கள், அது திரும்பி வர வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. ஆனால் அந்த நோட்டை நேர் செய்ய மகளின் உடம்பு காரணமாக வேண்டாம். மாமியாருக்கு எழுபது வயது நெருங்குகிறதென்றால் அதே ஹாலில் தேதியை மாற்றி அவருக்கு ஒரு பிறந்தநாள் விருந்து வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உறவெல்லாம் கூடும், முன்பணம் வீணாகாது, நாற்காலியில் உட்கார ஆசைப்படுகிறவரே உட்காரலாம்.

மற்றவை சீக்கிரம். பன்னிரண்டு மணி வரை தூங்காததில் பாதி அவள் கையில் இல்லை. பருவ வயதில் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகும், பத்து மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. மீதிப் பாதி போன். இரவு பத்துக்கு மேல் வீட்டிலுள்ள எல்லா போனும் ஹாலில் சார்ஜுக்குப் போகட்டும், உங்களுடையதும் கணவருடையதும் சேர்த்து. ஆறு முதல் 12 வயதுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும், 13-க்கு மேல் 8 முதல் 10 மணி நேரம். பள்ளி நாளில் அது கிடைக்காதபோது ஞாயிற்றுக்கிழமை ஒன்றிரண்டு மணி கூடத் தூங்கினால் சோம்பேறி என்று எழுப்பாதீர்கள்.

பாட்டியோடு ஒரே அறை என்றால் அவளுக்குத் தனி அறை இப்போதைக்கு நடக்காது. பெரம்பூரில் யாருக்குத்தான் கூடுதலாக ஓர் அறை இருக்கிறது? பீரோவில் ஒரு தட்டை அவளுக்கென்று ஒதுக்கி, பூட்டும் சாவியும் கொடுத்துவிடுங்கள். உடை மாற்றும்போது எல்லோரும், பாட்டி உட்பட, கதவைத் தட்டிவிட்டு வரட்டும். பையைத் தொட்டதற்கு ஏன் அப்படிக் கத்தினாள் என்று நினைக்கிறீர்கள்? உள்ளே நாப்கின் இருந்திருக்கும்.

அதனால் தம்பிக்கும் சொல்லிவிடுங்கள். மறைக்க மறைக்கத்தான் அவன் துருவுவான். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, "பொண்ணுங்க வளரும்போது மாசத்துக்கு ஒரு தடவை கர்ப்பப்பையிலிருந்து கொஞ்சம் ரத்தம் வரும். அடிபட்டதில்ல, நோயில்ல. அக்காவுக்கு அப்ப வயித்த வலிக்கும், தொந்தரவு பண்ணாத" என்றால் போதும். ஒன்பது வயதுக்காரன் "சரி" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். ஆண் பிள்ளைகளுக்கும் 9 முதல் 14 வயதுக்குள் மாற்றங்கள் தொடங்கிவிடும். அவனுடைய முறை வரும்போது அவனும் வெட்கமில்லாமல் உங்களிடம் கேட்பான்.

மாடியில் விளையாட்டைத் திருப்பிக் கொடுங்கள். துப்பட்டாவும் வீட்டுக்குள் வேண்டாம், மே மாத வெயிலில் யாருக்கு அது வேண்டும்? தனித் தட்டு விஷயம் இனி ஒரு மாதமும் தொடரக் கூடாது. வலிக்கிறது, ஓய்வெடுக்கிறேன் என்று அவளே படுத்தால் அது வேறு.

டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்ற கேள்விக்கு: நீங்கள் எழுதியதை வைத்து, இப்போது வேண்டாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து சோகமாகவே இருந்தால், நெருங்கிய தோழிகளையும் தவிர்த்தால், சாப்பாட்டைக் குறைத்து உடம்பு இளைத்தால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், கையில் கீறல்களைப் பார்த்தால், "நான் இல்லாம இருந்தா நல்லது" என்பதுபோல் பேசினால் தாமதிக்காதீர்கள். குறிப்பிட்ட ஒரு பெரியவரைக் கண்டாலே பயந்து ஒதுங்கினாலும் அப்படியே, அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் சரி. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. குழந்தைக்கு யாராவது தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால் 1098.

கடைசியாக மாமியார். அவரை வில்லியாக்கிவிடாதீர்கள். ஜனவரியிலிருந்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். பேத்திக்கு ஒரு குறை வரக் கூடாது, நாளைக்கு உறவு ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவர் பயம். "அந்தக் காலம் வேற, இந்தக் காலம் வேற" என்று பாடம் நடத்தினால் அவர் கேட்க மாட்டார். மருமகள் வாயிலிருந்து வந்தால் நிச்சயம் கேட்க மாட்டார், நீங்கள்தான் பிள்ளையைத் தூண்டிவிடுகிறீர்கள் என்று ஆகிவிடும். இதை உங்கள் கணவர்தான் தன் அம்மாவிடம் பேச வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கவும் வேண்டாம். "அம்மா, புள்ள ரொம்ப கூச்சப்படுறா. கட்டாயப்படுத்தி உக்கார வெச்சு, அங்க எல்லார் முன்னாடியும் அழுதுட்டான்னா நமக்குத்தான் அசிங்கம். வீட்டோட பண்ணலாமா, வேணாமான்னு அவ சொல்லட்டும். உறவுக்காரங்க கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்." கடைசி வரிதான் முக்கியம், அதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் எடுபடாது. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் பேச்சு முடிந்துவிட வேண்டும். தாய்மாமனுக்கு மட்டும் அன்றைக்கே போன் செய்துவிடுங்கள், அவர் சீர் தட்டுகளுக்குச் சொல்லி வைத்திருப்பார்.